கோட்டுக்கு வெளியே ஒரு கால்

மார்லிஸ் வோடிச்காவுக்கு நான்கு அண்ணன்கள். கொட்டகையில் பழைய மெத்தைகளை விரித்து அவர்களோடு கட்டிப் புரண்டு மல்யுத்தம் பழகியவள். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், பள்ளி அணியில் பெண்ணுக்கு இடமில்லை. களத்தில் இறங்க விடாதவர்களால் அவள் விதிப் புத்தகத்தைப் படிப்பதைத் தடுக்க முடியவில்லை. படித்தாள், தேர்வு எழுதினாள், கல்லூரிப் போட்டிகளுக்கு நடுவரானாள்.

வார நாட்களில் தானியக் கிடங்கில் சோள லாரிகளை எடை போடும் வேலை. எடை தவறினால் விவசாயி அங்கேயே சண்டைக்கு நிற்பான். மல்யுத்த விரிப்பில் நடுவர் தவறினால் மட்டும் 'அது அவர் பார்வை' என்று விட்டுவிடுகிறார்களே என்பது அவளுடைய தீராத கோபம்.

அந்தக் கோபம் முக்கியமாக விரிப்பின் விளிம்பைப் பற்றியது. புள்ளியில் முன்னிலையில் இருப்பவன் மோதாமல் பின்வாங்கிக்கொண்டே, விரிப்பில் கோடு போட்ட வட்டத்தைவிட்டு வெளியேறி நேரத்தைக் கடத்துவான். அது இழுத்தடிப்பா என்று தீர்மானிப்பது நடுவரின் விருப்பம். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை எதிராளிக்கு ஒரு புள்ளி. பெரிய பல்கலைக்கழகத்தின் அரங்கில் அந்த இரண்டாவது முறை பெரும்பாலும் வருவதே இல்லை. இந்தக் கோழைத்தனத்துக்கு நடுவர்கள் 'அனுபவம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பின்வாங்கிக் கோட்டுக்கு வெளியே கால் வைத்தால் உடனே புள்ளி, நடுவரின் விருப்பத்துக்கே இடமில்லை என்று விதியை மாற்றச் சொல்லி, நடுவர்களும் பயிற்சியாளர்களும் கூடும் இலையுதிர்காலக் கூட்டத்தில் மார்லிஸ் எழுந்து பேசினாள்.

பெரிய பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ப்ராண்ட் சிரித்தார். "ஏன் மார்லிஸ், கையில இருக்கிற அதிகாரத்தை வேணாம்னு சொல்ற முதல் நடுவர் நீதான்."

"அது என் கையில எங்க இருக்கு கோச்? சீசன் கடைசியில எங்களுக்கு மார்க் போடுறது நீங்கதானே."

சிரிப்பு நின்றது. யோசனை 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று ஒத்திவைக்கப்பட்டது.

பயிற்சியாளர்கள் போடும் அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் மார்ச் மாதச் சாம்பியன் போட்டிக்கு நடுவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இத்தனை ஆண்டுகளில் அவளுக்கு ஒருமுறைகூட அழைப்பு வந்ததில்லை. இந்த ஆண்டு அவள் பெயர் பரிசீலனையில் இருந்தது. பிப்ரவரியில் ப்ராண்டின் அரங்கிலேயே அவளுக்கு வேலை விழுந்தது.

கிளம்பும்போது கணவன் ட்வெய்ன் சொன்னான்: "இன்னைக்கு ஒரு நாள் கையைப் பாக்கெட்ல வெச்சுக்கோ மார்லி."

"இந்த பேன்ட்டுக்குப் பாக்கெட்டே இல்ல."

கடைசி ஆட்டம், கனத்த எடைப் பிரிவு. ப்ராண்டின் வீரன் ஓல்ஸ்டாட் ஒரு புள்ளி முன்னிலை. எதிரே சிறிய கல்லூரிப் பையன் விடாமல் தாக்கினான். ஓல்ஸ்டாட் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியிருந்தான். நேரம் முடியும் தறுவாயில் மறுபடி பின்னாலேயே நடந்து கோட்டைத் தாண்டினான். இழுத்தடிப்புக்கான சைகையாக மார்லிஸின் முஷ்டி மேலே போயிற்று. எதிராளிக்கு ஒரு புள்ளி. சமன்.

"சோளம் நிறுக்கப் போடி" என்று மேல்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். அவள் கையை இறக்கவில்லை.

கூடுதல் நேரத்தில் முதலில் வீழ்த்துபவனுக்கே வெற்றி. இனி ஒளிய வழியில்லாத ஓல்ஸ்டாட் முதன்முறையாக முன்னால் பாய்ந்து, எதிராளியின் இரண்டு கால்களையும் அள்ளி வீழ்த்தினான். அரங்கம் எழுந்து நின்று கூத்தாடியது. கை குலுக்கும்போது அவன், "ஓடாம இருந்தா இவ்வளவு ஈஸியா மேடம்?" என்று மூச்சிரைக்கக் கேட்டான்.

மார்ச் பட்டியலில் மார்லிஸின் பெயர் இல்லை. ப்ராண்ட் போட்டது ஆகக் குறைந்த மதிப்பெண். அவள் அவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"உங்க பையன்தானே கோச் ஜெயிச்சான்?"

"ஜெயிச்சான். ஆனா உன்னால தோத்திருப்பான்."

"நான் போட்ட புள்ளி தப்பா?"

"தப்புன்னு சொல்லல. என் அரங்கத்துல போட்டிருக்க வேணாம்."

அடுத்த இலையுதிர்காலக் கூட்டத்தில் மார்லிஸ் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அதே விதிமாற்றம், அதே வாசகம். 'மாற்றத்துக்கான காரணம்' என்ற இடத்தில் மட்டும் போன முறை ஒரு பக்கம் எழுதியிருந்தவள், இம்முறை தொலைபேசியில் ப்ராண்ட் கடைசியாகச் சொன்ன இரண்டு வாக்கியங்களை, அவர் பெயரோடு, அப்படியே எழுதிக் கொடுத்திருந்தாள். தலைவர் அதை உரக்கப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை.

"நான் சொன்னதுதான்" என்றார் ப்ராண்ட், மேசையைப் பார்த்தபடி.

"அப்போ ஓட்டெடுப்பு நடத்துங்க" என்றாள் மார்லிஸ்.