பழசு இரண்டா, புதுசு ஒன்றா

என் மருமகள் இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்தது போலப் படம் போட்டுக் கொடுப்பவள். வாசல், மாடிப்படி, சுவரில் விழும் வெயில் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே வந்துவிடும். இந்த வருஷம் மஞ்சக்குப்பத்து இன்ஜினியர் ஒருவர் அவளிடம் பெரிய வேலை ஒன்றைக் கொடுத்தார். கட்டப்போகிற கல்யாண மண்டபத்துக்குள் நாமே நடந்து போவது போல ஓடும் படம் வேண்டுமாம். சொன்ன தேதிக்குள் முடித்தால் இனி அவர் ஆபீஸ் வேலை எல்லாம் அவளுக்கு. இல்லையென்றால் பாண்டிச்சேரிக் கம்பெனிக்குப் போய்விடும்.

அவளிடம் இருந்த கம்ப்யூட்டருக்கு அந்தத் தெம்பு இல்லை. வரைந்து முடித்த பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் வெளிச்சத்தையும் நிழலையும் அதுவே கணக்குப் பார்த்துத் தீட்ட வேண்டும். ரெண்டரிங் என்பார்கள். பகலெல்லாம் முக்கிவிட்டுப் பாதியில் நின்றுவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் சீட்டுப் பணம் இருக்கிறது, வேறு வாங்கு என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் வீட்டில் பேச்சு முற்றியது. கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருப்பது ப்ராசஸர். அந்தப் பணத்துக்குப் புது ப்ராசஸர் ஒன்று போட்டுச் செய்யலாம். அல்லது பெரிய ஆபீஸ்களில் ஓட்டிக் கழித்த பழைய ப்ராசஸர் இரண்டை, எல்லாவற்றையும் தாங்கும் ஒரே மதர்போர்டில் மாட்டிச் செய்யலாம். மகன் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். புதுசுதான் வேண்டும் என்றான். பழசுக்கு வாரண்டி கிடையாது, சூடு ஜாஸ்தி, கரண்ட் பில்லும் ஏறும் என்றான். அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அவள் இரண்டுதான் வேண்டும் என்றாள். கடைசியில் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மீன் கூடையோடு தெருத்தெருவாகப் போன நாளிலேயே கூவி விற்க வெட்கப்பட்டு, வாசலில் நின்று கதவைத் தட்டுவேன். என்னிடம் போய் தீர்ப்புக் கேட்டால்? நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை சிதம்பரத்தில் இருந்தது. மருமகளும் நானும் பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம் தாண்டும்போது என் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எங்கள் குப்பத்தில் இரண்டு இன்ஜின் போட்ட படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. நடுக்கடலில் ஒன்று நின்று போனாலும் மற்றது கரைக்குக் கொண்டுவந்துவிடும். கம்ப்யூட்டரும் அப்படித்தானே என்று நினைத்தேன்.

"ரெண்டே இருக்கட்டும்மா. ஒண்ணு நின்னுபோனாலும் இன்னொண்ணு கரை சேத்துடும்ல?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், பணம் அவள் கைக்குப் போயிருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

"இல்ல அத்தை, அப்படி இல்ல. ரெண்டும் ஒரே போர்டுலதான் உக்காந்திருக்கும். போர்டு போச்சுன்னா ரெண்டும் போச்சு. பழைய போர்டு, திரும்பக் கெடைக்கறதும் கஷ்டம்."

இன்னும் சொன்னாள். வரைகிற வேலைக்குப் புதுசுதான் வேகமாம். ரெண்டரிங் ஒன்றுக்குத்தான் இரண்டு உதவும், ஏனென்றால் அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்க முடியும். தனக்கு இப்போது தலை போகிற வேலை அதுதான் என்றாள். இவ்வளவையும் மறைக்காமல் சொன்னாளே, அங்கேயே எனக்குப் பாதி முடிவாகிவிட்டது. மீதியைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கடை ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரர் எனக்கு ஸ்டூல் போட்டு டீ வரவழைத்தார். மருமகள் பென்டிரைவில் கொண்டுபோயிருந்த மண்டபப் படத்தை அங்கிருந்த இரட்டை ப்ராசஸர் மெஷினில் ஏற்றினாள். முதலில் ஒரு ப்ராசஸரை மட்டும் ஓடவிடச் சொன்னாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படம் துலங்கியது. மண்டபத் தூண் ஒன்று வருவதற்குள் நான் டீயைக் குடித்து முடித்துவிட்டேன். பிறகு இரண்டையும் சேர்த்து ஓடவிட்டார்கள். ஃபேன்கள் இரைச்சல் போட்டன. திரை முழுக்கக் கட்டங்கள் ஒரே நேரத்தில் நிரம்பின. வலை கரைக்கு வந்ததும் பத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து மீன் பிரிக்கிற மாதிரி இருந்தது. தூண், மேடை, வாசல் தோரணம் எல்லாம் மளமளவென்று வந்து நின்றன. மருமகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனாலும் போர்டு போனால் என்ன செய்வது என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய இன்ஜின் எடுக்கும்போது உதிரிக்கு என்று இன்னொரு ஓட்டை இன்ஜினையும் சேர்த்துக் கேட்டு வாங்குவது எங்கள் ஆட்கள் வழக்கம். அதை மருமகள் காதில் சொன்னேன்.

"நீங்களே கேளுங்க அத்தை," என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

கூச்சத்தில் பொத்தியிருந்த முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இதே மாதிரி போர்டு இன்னொண்ணு சேத்துக் குடுப்பியாப்பா?" என்றேன்.

"ஆயா, இப்படியே போனா கடையையே எழுதி வாங்கிடுவீங்க போலிருக்கே," என்று சிரித்தார். ஆனால் ஒரே ஆபீசிலிருந்து வந்த மெஷின்கள் அவரிடம் நாலைந்து கிடந்தன. பேசிப் பேசி, கொண்டுபோன பணத்துக்குள்ளேயே இன்னொரு போர்டும் வந்தது.

எடுத்துக்கலாம் என்று நான்தான் சொன்னேன். மகனுக்கு போன் போட்டதும் நான்தான்.

"கிழவிகிட்ட கேட்டா கிழவனுங்களத்தான் புடிச்சிட்டு வருவ," என்றான்.

"ஆமாண்டா. ரெண்டு பேரும் நல்லாவே ஒழைக்கிறாங்க. வந்து எறக்கி வையி."

இறக்கி வைத்தான். உப்புக்காற்று படக்கூடாது என்று உள்ளறையில் அவனே இடம் ஒதுக்கினான். கரண்ட் பில்லைப் பற்றி இன்றைக்கும் முனகுகிறான், முனகட்டும். தேதிக்கு முன்னாலேயே படம் முடிந்தது.

கொடுக்கப் போனபோது மருமகள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இன்ஜினியர் ஆபீசில் பெரிய டிவியில் போட்டார்கள். வாசலில் நுழைந்து, பந்தி ஹாலைத் தாண்டி, மேடை வரைக்கும் அந்த மண்டபத்துக்குள் நடந்தே போய்விட்டோம். எங்கேயும் தடங்கல் இல்லை. படம் பார்க்க வந்திருந்த மண்டபத்து முதலாளி மறுபடி போடச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, இது எந்த ஊர் ஸ்டூடியோவில் செய்தது என்று கேட்டார்.

மருமகள் பதில் சொல்வாள் என்று பார்த்தேன். அவளோ, நீங்களே சொல்லுங்க என்பது போல முழங்கையால் என்னை இடித்தாள்.

"எங்க வீட்லதாங்க. என் மருமவதான் செஞ்சா," என்றேன். அந்த ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

இன்ஜினியர் அலமாரியைத் திறந்து, இன்னும் மூன்று வீட்டு வரைபடங்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.