கடல் இல்லாத கெட்டாஃபே

2006ஆம் ஆண்டுக் கோடை முழுக்க, வெள்ளிக்கிழமைதோறும், கல்ஃபில் ஃபஹாஹீல் என்ற கடலோர ஊரில், ஒரு ஃபிளாட்டின் ஜன்னல் இல்லாத அறையில் நாகலிங்கம் ஓர் ஊரைப் பற்றிப் பாடம் நடத்தினான். அவன் பார்த்திராத ஊர். எதிரே பாயில் உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்திராத ஊர். ஸ்பெயினில், மாட்ரிட் நகரத்துக்குத் தெற்கே, ரயிலில் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் கெட்டாஃபே.

நாகலிங்கம் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். பன்னிரண்டாவது முடித்துவிட்டுச் சென்னையில் கல்ஃப் இன்டர்வியூவுக்குப் போனபோது, கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார்கள். ஜெராக்ஸ் கடையில் தூரத்திலிருந்து பார்த்ததுதான். "தெரியும் ஸார்" என்றான். அந்த வரிசையில் நின்ற எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். வெல்டிங் தெரியுமா, கிரேன் தெரியுமா, ஹிந்தி தெரியுமா, எதற்கும் அதே பதில். தெரியாது என்றவன் சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்புவான். மற்றதை வந்து கற்றுக்கொள்ளலாம். நாகலிங்கமும் கற்றுக்கொண்டான். ஃபஹாஹீலுக்குப் பக்கத்து மங்காஃபில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பரானான். லீவில் போய் சங்கீதாவைக் கட்டினான். மகள் பிறந்ததைப் போனில் கேட்டான். அவள் இப்போது அவனைப் பார்த்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்.

அவனை அந்த அறைக்குக் கூட்டி வந்தவர் விஜயபாஸ்கர். டிராவல்ஸ் வைத்திருப்பதாகச் சொல்வார். எந்தக் கடையிலும் அவர் பெயர்ப்பலகையை யாரும் பார்த்ததில்லை. தொழிலாளர் கேம்ப் மைதானங்களில் கபடி ஆடும் பையன்களை ஓரமாக நின்று கவனித்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்.

"ஸ்பெயின்ல ஒரு விளையாட்டு விழா. டீமா போறீங்க. திரும்பி வர்றதும் வராததும் உங்க இஷ்டம். ஏர்போர்ட்ல எந்த ஊருக்குப் போறன்னு கேட்டா முழிக்கக் கூடாது. அதுக்குத்தான் நம்ம நாகலிங்கம்."

நாகலிங்கத்துக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். பாடம் நடத்தினால் அடுத்த டீமில் அவனுக்கும் ஓர் இடம்.

பாடம் அவனுக்குப் பிடித்துப்போனது. சமவெளி, காய்ந்த காற்று, நடுவில் மகதலேனா மரியாளின் பேராலயம். பழைய ராணுவக் குடியிருப்பைப் பல்கலைக்கழகமாக மாற்றியிருக்கிறார்கள். விமானத் தளம், விமானத் தொழிற்சாலை, முதல் டிவிஷனுக்கு ஏறிய ஃபுட்பால் டீம். ஊருக்கு வெளியே தேவதைகள் குன்று. ஸ்பெயினின் நட்டநடு அதுதான் என்பார்கள். உள்நாட்டுப் போரில் குன்றின் மேலிருந்த இயேசு சிலையை வரிசையாக நின்று சுட்டு, பிறகு வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் இடிபாட்டுக்கு எதிரிலேயே புதிதாக ஒன்றை எழுப்பினார்கள்.

"செலையையே சுட்டாய்ங்களா?" என்றான் மாயாண்டி. கேம்ப்பில் நாகலிங்கத்தின் ரூம்காரன், பக்கத்து ஊர்க்காரன், சாரம் கட்டுபவன். "அப்ப நம்மள என்ன செய்வாய்ங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது.

அந்த ஊர் உண்டான கதையைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சதுப்பு நிலத்தில் நோயில் செத்துக்கொண்டிருந்த ஒரு கிராமத்து ஜனங்கள், மாட்ரிட்டுக்கும் தொலேதோவுக்கும் நடுவே போகும் ராஜபாட்டையின் ஓரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். பிழைத்துக்கொண்டார்கள். அதுதான் கெட்டாஃபே.

முன்னால் போன டீமைப் பற்றி ஒருவன் கேட்டான். "ஒரு போன்கூட இல்லையே ஸார்?"

"ஐரோப்பா போனவன் உன்னையவா நெனப்பான்?" என்றார் விஜயபாஸ்கர். செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் கடைசியில், ஊருக்கு லீவு என்று சொல்லி எல்லாரும் கம்பெனியிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பாடத்தின் நடுவில் விஜயபாஸ்கர் உள்ளே வந்தார்.

"வழியில மொரித்தானியான்னு ஒரு ஸ்டாப். ஆப்பிரிக்காவுல, கடலோரம். அங்கேருந்து மத்த ஏற்பாடு. ஆமா, எல்லாருக்கும் நீச்சல் தெரியும்ல?"

"தெரியும் ஸார்." ஒரே குரலாக வந்தது.

நாகலிங்கம் மாயாண்டியைத் திரும்பிப் பார்த்தான். மாயாண்டியின் ஊர்க் கண்மாய் முழங்காலுக்கு மேல் நிறைந்ததில்லை. அதைவிட, சுவரில் ஒட்டியிருந்த ஸ்பெயின் வரைபடத்தில் கெட்டாஃபேயைச் சுற்றி எந்தப் பக்கமும் கடலே இல்லை.

"எதுக்கு ஸார் நீச்சல்?"

"கபடிக்காரனுக்கு உடம்பு வணங்கணும்ல தம்பி. நீ ஊரைச் சொல்லிக்குடு. வழிய நான் பாத்துக்கறேன்."

அன்று வெயில் தாழ்ந்ததும் நாகலிங்கம் மாயாண்டியைக் கடற்கரைக்கு இழுத்துப் போனான்.

"எறங்கு."

"என்ன மாப்ள வெளையாட்டு?"

"நீச்சல் தெரியும்னு சொன்னீல்ல? எறங்குடா."

மாயாண்டி வீம்பாக இறங்கினான். இடுப்பு, நெஞ்சு. ஒரு சின்ன அலைதான் வந்தது. தரை நழுவியதும் அவன் கைகள் காற்றைப் பிடிக்கப் பார்த்தன. அப்புறம் கைகளும் தெரியவில்லை. நாகலிங்கம் சட்டையோடு பாய்ந்து தலைமுடியைப் பற்றி இழுத்தான். மணலில் உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு, மூச்சு வந்ததும் மாயாண்டி கேட்ட முதல் கேள்வி:

"நீச்சல் கேட்டா போட்டுதான். போட்டுல போறவனுக்கு எதுக்குடா நீச்சல்?"

"போட்டு கவுந்தா? அந்த ஊருக்குக் கடல் வழியே கெடையாதுடா. அவன் கூட்டிட்டுப் போற எடம் வேற."

"நீதானடா சொல்லிக்குடுத்த? கோயிலு, குன்று, தெருன்னு கண்ணுல காட்டுனியே. கண்ண மூடுனா நான் அந்தத் தெருவுலதான் நடக்குறேன். இப்ப வந்து அத இல்லைங்கிறியா?"

நாகலிங்கம் ஈரச் சட்டையைப் பிழிந்தான். ஊர் இருந்தது. அவன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அந்த உண்மைதான் இவர்களைப் பாயில் உட்கார வைத்திருந்தது.

கடைசி வகுப்புக்கு விஜயபாஸ்கர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாகலிங்கம் வரைபடத்தின் பக்கம் திரும்பவில்லை.

"ஸார் முன்னாடியே கேக்கேன். யாருக்கு நீச்சல் தெரியாது? கையத் தூக்குங்க. இவரு மொரித்தானியாலேர்ந்து ஒங்களப் படகுல ஏத்தப் போறாரு. பெருங்கடல்."

ஒருவரும் அசையவில்லை. தலை கவிழ்ந்து பாயைப் பார்த்தார்கள். விஜயபாஸ்கர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"கேக்குறான்ல, சொல்லுங்க. தெரியாதவன் எந்திரிச்சுப் போகலாம். காத்துக்கிட்டு ஆளுக நிக்குது."

அப்புறம் மாயாண்டி கையை ஊன்றி மெல்ல எழுந்தான்.

"எனக்குத் தெரியாது ஸார்."

"கல்லாஸ், அவ்வளவுதான். கெளம்பு." விஜயபாஸ்கர் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். "வாத்தியாரே, நீயும்தான். உன் வேலை முடிஞ்சுது."

வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டு உள்ளே தாழ் விழுந்தது. படிக்கட்டில் மாயாண்டி முன்னால் இறங்கினான். நாகலிங்கம் நின்றுவிட்டான். உள்ளே விஜயபாஸ்கரின் குரல் கேட்டது.

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"கெட்டாஃபே. மாட்ரிட்டுக்குத் தெற்கே." எல்லாக் குரல்களும் சேர்ந்து, அவன் நிறுத்தும் இடங்களில் நிறுத்தி, அவன் அழுத்தும் சொற்களை அழுத்திச் சொல்லின.

"வாடா, போலாம்" என்று கீழேயிருந்து மாயாண்டி கூப்பிட்டான்.

நாகலிங்கம் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினான். குரல்கள் நின்றன. மறுபடி தட்டினான். உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினான். உள்ளே யாரும் எழுந்துவரவில்லை.