பாட்டுக்குக் கீழே இருந்த எண்

தொண்ணூறுகளில் வானொலிக்குப் பாட்டுக் கேட்டு அஞ்சலட்டை போடும் பைத்தியம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் என் அக்காவுக்குத்தான் அதிகம். பாட்டுகூட அவளுக்கு இரண்டாம் பட்சம். அறிவிப்பாளர் வாயால் "மேல்கணக்கு, ஆறாம் லயம், அம்மா, தங்கச்சி" என்று எங்கள் விலாசம் வர வேண்டும். வந்துவிட்டால் மறுநாள் கொழுந்து எடுக்கப் போகும்போது அவளைக் கையில் பிடிக்க முடியாது.

பிறகு அவள் வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். இரண்டு வருடம் கடிதம் வந்தது. கடைசிக் கடிதத்தில், அந்த வீட்டுப் பெண்பிள்ளை, இன்டர்நெட்டில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு செய்தி அனுப்பும் தளம் ஒன்றில் தனக்கும் ஒரு பக்கம் செய்து கொடுத்திருப்பதாக எழுதி, அதன் பெயரையும் அனுப்பியிருந்தாள். அதோடு சரி. தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. அனுப்பிவைத்த ஏஜென்ட் கையை விரித்தான். அவன் நாசமாய்ப் போகட்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

நான் அப்போது ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த இன்டர்நெட் கடைக்கு ஓடுவேன். எனக்கும் ஒரு பக்கம் தொடங்கி அக்காவை மட்டும் சேர்த்துக்கொண்டேன். எத்தனையோ செய்தி அனுப்பியும் பதில் இல்லை. அந்தப் பக்கத்தில் பாட்டுப் பட்டியலும் போடலாம், திறந்ததும் முதல் பாட்டு தானாகப் பாடும் என்று தெரிந்ததும், அவள் அஞ்சலட்டையில் கேட்ட ஏழு பாட்டுகளைத் தேடிச் சேர்த்தேன். மேலே எங்கள் விலாசத்தை அறிவிப்பாளர் சொன்ன மாதிரியே எழுதினேன். சரியாகப் பாடுகிறதா என்று நாலைந்து தடவை திறந்தும் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை முதல் பாட்டுக்குக் கீழே ஐந்து என்று இருந்தது. எத்தனை தடவை கேட்கப்பட்டது என்ற கணக்காம். அவளைத் தவிர அந்தப் பக்கத்துக்கு வேறு யார் வரப்போகிறார்கள்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆசை தீரத் திறந்து திறந்து கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

அதிலிருந்து சனிக்கிழமை தோறும், போன வாரத்துக்குப் பின் எண் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வருவேன். வாசலிலேயே அம்மாவின் கேள்வி வரும். "இந்த வாரம் எத்தன தரம் கேட்டா?"

"ஆறு தரம்மா."

மற்ற ஆறு பாட்டுகளும் பூச்சியத்திலேயே கிடந்தன. முதல் பாட்டு அவளுக்கு உயிர் என்பதால் நான் சந்தேகப்படவில்லை.

சில மாதம் போனபின் ஒருநாள், இன்டர்நெட் கடையை நடத்திய பெண்ணிடம் அந்த எண்ணைப் பெருமையாகக் காட்டினேன். அவர் தயங்கினார்.

"தங்கச்சி, நீ தொறக்குறப்ப எல்லாம் அது பாடுதில்ல? அதுவும் இதுல சேரும்."

நம்பாமல் திறந்து பார்த்தேன். ஒன்று கூடியது. மறுபடி திறந்தேன், இன்னும் ஒன்று. இத்தனை மாதமும் கேட்டது நான்தான். அந்தப் பெண்மேல் கோபம் வந்தது, பாவம், அவர் என்ன செய்வார்? மூளை கெட்டவள் நான்.

அம்மாவிடம் முழுப் பொய் சொல்ல வாய் வராது. அதற்காக எழுந்து போகுமுன் மேலும் ஒருமுறை திறந்தேன்; அவர் சொன்னபின் அது மூன்றாவது தடவை.

"மூணு தரம்மா."

"அப்ப உசுரோடதான் இருக்கா புள்ள," என்றார் அம்மா. சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

அடுத்த சனிக்கிழமை நான்கு தடவை திறந்தேன்.