கூடம் கோணலாக இருந்தால்

ஆட்-ஆன் போட்டுக்கொண்டு விளையாடுபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இதை எங்கள் குழுவில் எல்லாரிடமும் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டாலும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

பத்துப் பேர் இணையத்தில் சேர்ந்து ஒரு பூதத்தை அடிக்கும் விளையாட்டு அது. ஆடத் தேவையானதெல்லாம் விளையாட்டைச் செய்த கம்பெனி தரும் திரையிலேயே இருக்கிறது. அது போதாதென்று, யாரோ வெளியாட்கள் எழுதிய குட்டி நிரல்களை அதன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறார்கள். அதுதான் ஆட்-ஆன். பூதம் அடுத்து என்ன செய்யும், நீ எப்போது ஓட வேண்டும், எல்லாவற்றையும் அது எழுதிக் காட்டும். சிலருடைய திரையைப் பார்த்தால் காலை நேரத்துத் தாதர் ஸ்டேஷன் பாலம்தான், கூட்டத்துக்குள் பூதத்தைத் தேட வேண்டும். என் திரை துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பூதம் அடிப்பதற்கு முன் விளையாட்டே மணி அடித்துச் சொல்கிறது, கண்ணும் காதும் எதற்கு இருக்கின்றன? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அவ்வளவுதான் என்பேன்.

நான் இருப்பது பம்பாயில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். செம்பூரில் ஒரு கூரியர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி துவைத்து, சமைத்து முடித்து, மடிக்கணினியோடு கட்டிலில் உட்கார்ந்தால் அதன்பிறகு நான் யாருக்கும் கிடைக்க மாட்டேன். அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவது என் வேலை. பூதத்துக்கு எதிரே நின்று முதல் அடியை வாங்குகிறவன் என் தம்பி. அவன் அம்பர்நாத்தில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் பிரஸ் மிஷினில் நிற்கிறான். கல்யாணமாகி அங்கே போனபிறகு அவனும் நானும் வாரம் தவறாமல் சந்தித்துக்கொண்டது இந்த விளையாட்டில்தான். குழுவுக்குத் தலைவி நெருளில் இருக்கும் ஒரு பெண். எங்களைவிடச் சின்னவள், தமிழ் பேசுவாள், எழுதினால் வாசிக்கத் தெரியாது.

ஒரு நாள் கம்பெனி ஓர் அப்டேட் விட்டது. இனி ஆட்-ஆன்கள் பூதத்தின் அடியை முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆட்டக்காரர்கள் தங்கள் திறமையை நம்பி ஆடட்டும் என்று அறிவிப்பு. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குழுவில் எல்லாருக்கும் லட்டுப் படம் அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி முதல் நிமிடத்திலேயே செத்தான். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி செத்தான். முன்னால் நிற்பவன் விழுந்தால் மற்றவர்களும் வரிசையாக விழ வேண்டியதுதான். சாயங்காலம் வரை அதுதான் நடந்தது. முடிந்ததும் தலைவி என்னைத் தனியாக அழைத்தாள்.

"அக்கா, அண்ணா ஏக் நம்பர் ப்ளேயர்தான். லேகின் இப்போ பெரிய லோச்சா ஆயிடுச்சு. எல்லாரும் என்கிட்ட புலம்புறாங்க. அடுத்த சண்டேவும் இப்படியே ஆச்சுன்னா வேற ஆள் எடுக்கணும். நீங்களே சொல்லிடுங்க, ப்ளீஸ்."

போனில் சொல்லும் விஷயமா இது? மறுநாள் ஆபீசில் அரை நாள் லீவு போட்டு, சயன் ஸ்டேஷனில் அம்பர்நாத் வண்டி பிடித்தேன். அவனுக்குக் காலை ஷிப்ட், வீட்டுக்கு வந்திருந்தான். டிவி தெருவுக்கே கேட்கும்படி அலறிக்கொண்டிருந்தது. அதை நான் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன், சத்தப் பிரியன் என்று நினைத்துக்கொண்டு.

"என்னலே ஆச்சு உனக்கு? மணி அடிக்கில்லா, ஒரு மணின்னா நிக்கணும், ரெண்டு மணின்னா ஓடணும். சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே."

அவன் டிவியை அணைத்தான்.

"எனக்கு அந்த மணி கேக்காதுக்கா."

"எந்த மணி?"

"நீங்க எல்லாரும் சொல்லுதியள்லா, அந்த மணி. ஒருநாளும் கேட்டதில்ல. ஆட்-ஆன் எழுதிக் காட்டும், அத வச்சுத்தான் ஆடுனேன்."

அவன் காதைப் பிரஸ் மிஷின் தின்றுவிட்டது. மெல்லிய கீச்சுச் சத்தங்கள் எல்லாம் போய்விட்டன, தடித்த சத்தம் கேட்கும், பேச்சு பாதி புரியும், மீதியை முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வான். டாக்டர் சொல்லி ரொம்ப நாளாயிற்றாம். வேலைக்கு ஆபத்து வரக்கூடாதென்று வெளியே சொல்லவில்லை, வெளியில் என்னையும் சேர்த்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, அவன்மேல் இல்லை. ஓர் ஆளின் உயிரே ஒரு கீச்சு மணியில் தொங்குகிறது என்றால், அந்த மணியைக் கண்ணுக்கும் காட்ட வேண்டாமா? சட்டை விற்கிறவன் பொத்தான் தைத்துக் கொடுக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் தைத்துக் கொடுத்தார், இப்போது அவர் கையையும் தட்டிவிட்டான். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். கோணல் என்று சொன்னவனைத்தான் ஆடத் தெரியாதவன் என்கிறார்கள்.

"டீம்ல இருந்து உன்ன யாரு எடுத்துருவான்னு பாக்கேன்" என்றேன். "நான் சொல்லுதேன், நீ ஆடு."

என் குரல் தடித்த குரல். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் என்னை வரிசையில் நிற்கவைத்து வாயை மட்டும் அசைக்கச் சொல்வார். அந்தக் குரல் இவனுக்கு நன்றாகவே கேட்கும்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் ஒற்றை மணி அடித்தது. ஹெட்போன் மைக்கில் "நில்லு" என்று கத்தினேன். அவன் குதிரைபோல் தெறித்து ஓடினான். பூதம் திரும்பி எங்கள் எல்லாரையும் ஒரே வீச்சில் படுக்கவைத்தது. அடுத்த முறையும் "நில்லு" என்றேன், அடுத்த முறையும் ஓடினான்.

"ஏலே, நில்லுன்னா ஏன்லே ஓடுத?"

"நீ நிகலுன்னுதானக்கா சொன்ன?"

தலைவி சிரித்த சிரிப்பில் என் ஹெட்போன் அதிர்ந்தது. தொழிற்சாலையில் தலைக்கு மேல் கிரேன் வரும்போதெல்லாம் போர்மேன் 'நிகல், நிகல்' என்று கத்துவாராம். வெளியே போ என்று அர்த்தம். அந்தச் சத்தம் விழுந்தால் இவன் கால் தானாக ஓடும். தமிழில் நிற்கச் சொன்னால் இந்தியில் ஓடுகிறான். எங்கள் திருநெல்வேலியில் இருக்கும் எந்தச் செவிடனுக்கும் இந்தக் கஷ்டம் வராது, பம்பாய்க்கு வந்து சேர்ந்தவனுக்குத்தான் வரும்.

பிறகு ஏற்பாட்டைச் சுருக்கினோம். ஓட வேண்டுமானால் நான் "ஏலே" என்று கத்துவேன், நிற்க வேண்டுமானால் வாயே திறக்க மாட்டேன். அந்த 'ஏலே'யை அவன் காது தவறவிட்டதே இல்லை. அன்றே பூதம் விழுந்தது. எல்லாரும் அவனைப் பாராட்டினார்கள், தலைவி மன்னிப்புக் கேட்டாள். அவன் மட்டும் சீக்கிரம் கிளம்பிவிட்டான்.

சில வாரம் இப்படியே ஓடியது. நடுவில் ஒரு ஞாயிறு ஆபீசில் ஒருவருடைய கல்யாணத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து கேட்டால், அண்ணா லீவு என்றாராம், தலைவி சொன்னாள். நான் அவனை அழைத்து, சத்தமாக, நிதானமாகக் கேட்டேன்.

"நீயும் ஒரு ஆட்-ஆன்தானக்கா" என்றான். "நீ வராத அன்னிக்கி நான் செவிடு. அந்த மணிய எழுதிக் காட்டுதது கேம்லயே இருக்கணும்லா?"

அவன் இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு இது சுருக்கென்று தைத்தது. ஆனால் அவன் சொன்னது சரி. அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினேன். நான் எழுதிய இங்கிலீஷைத் தலைவி திருத்தினாள், திட்டிய இடங்களையெல்லாம் எடுத்துவிட்டாள், நான் பாதியைத் திரும்பப் போட்டேன். ஆட்-ஆன் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் கட்சியை நான் மாற்றுகிறவள் இல்லை. யாரும் ஆட்-ஆனை நம்பி ஆடும்படி வைக்காதீர்கள், அது இல்லாமல் ஆட முடிகிற மாதிரி முதலில் விளையாட்டைச் செய்யுங்கள் என்றுதான் எழுதினேன். பொத்தானைத் தைத்துவிட்டு விற்கட்டும், அதன்பிறகு யார் பூ வைத்துத் தைத்துக்கொண்டால் எனக்கு என்ன?

பதில் வரவில்லை. எங்களைப்போல் இன்னும் பலர் எழுதியிருக்க வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் ஓர் அப்டேட்டில், சத்தங்களைத் திரையில் எழுத்தாகக் காட்டு என்று ஒரு வரி புதிதாக வந்திருந்தது. அமைப்புகளுக்குள் எங்கோ ஒளித்து வைத்திருந்தார்கள், பெருமையாக அறிவிக்கக்கூட இல்லை. தம்பிதான் கண்டுபிடித்தான், என்னிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு சண்டை தொடங்கியது. நான் வழக்கம்போல் அவன் மேலேயே கண் வைத்துக்கொண்டு, கத்தத் தயாராக மூச்சை இழுத்தேன். "ஏலே" என்று வாய் திறப்பதற்குள் அவன் ஓடி ஒதுங்கிவிட்டான். நான் திறந்த வாயோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பூதம் கையை ஓங்கியிருந்தது. இரண்டாவது மணி அடித்திருக்கிறது, அது என் மண்டையில் ஏறவே இல்லை.

"யக்கா, என்ன வாயப் பாத்துட்டு நிக்க?" என்று அவன் கத்தினான். "ஓடு."

ஓடினேன். பூதத்தின் அடி எனக்குப் பின்னால் தரையில் விழுந்தது.