ஓதிய தண்ணீரை நான் அளக்கவில்லை

முதலில் செருப்பு காலில் ஏறவில்லை. மிளகு வாங்கி விற்கும் கடையில் நாள் முழுக்க நிற்பதால் வந்த வீக்கம் என்று நினைத்து, பெரிய செருப்பாக வாங்கிப் போட்டேன். மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். மடத்தனம். முகமும் வீங்கிய பிறகுதான் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) மிக அதிகம் என்றார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் டயலிசிஸ் (மெஷின் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்வது). ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர் தண்ணீர். தேநீரும் கஞ்சியும் அதற்குள்தான்.

நான் அல்லாஹ்விடம் ஒன்றைத்தான் கேட்டேன். எனக்குச் சிறுநீர் வர வேண்டும். வெட்கப்படாமல் அப்படியே கேட்டேன், ஐந்து நேரத் தொழுகையிலும். வரவில்லை. வந்துகொண்டிருந்த கொஞ்சமும் நின்றது.

பார்க்க வந்தவர்கள், "அல்லாஹ் விரும்புறவங்களத்தான் சோதிப்பான், பொறுமையா இருங்க" என்றார்கள். சொல்லிவிட்டு என் முன்னாலேயே இரண்டு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

பலாபத்வலயில் இருக்கும் என் மூத்த சகோதரி, ஓதிய தண்ணீரை (குர்ஆன் வசனம் ஓதி ஊதிய தண்ணீர்) போத்தல் போத்தலாகக் கொண்டுவந்தார். என் மனைவி தினமும் குடிதண்ணீர்ப் போத்தலில் பேனையால் கோடு போட்டு அளந்துதான் தருவாள். ஓதிய தண்ணீர் அந்தக் கணக்கில் சேரவில்லை. அது மருந்து, அதை அளப்பது நம்பிக்கைக் குறைவு என்று நானும் மனைவியும் நினைத்தோம். உண்மையைச் சொல்கிறேன்: எனக்குத் தாகம். நம்பிக்கை என்று சொல்லித் தாகத்தைத் தீர்த்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், நாற்காலியில் இருந்து தொழும்போதே மூச்சு எடுக்க முடியாமல் போனது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், என் மகள் வயது.

"நாலு கிலோ கூடியிருக்கு. முழுக்கத் தண்ணி. எங்கால வந்தது?"

மனைவி சொன்னாள்: "கோட்டுக்கு மேல ஒரு சொட்டும் குடுக்கல்ல டொக்டர். ஓதின தண்ணி மட்டுந்தான் குடிச்சாங்க."

டொக்டர் சிரிக்கவில்லை. "ஓதினாலும் எடை குறையாது அம்மா. அதையும் அளந்துதான் குடுக்கவேணும்."

அன்று மெஷினில் நான்கு மணித்தியாலம் கிடந்தேன். அல்லாஹ்விடம் எதையும் வேண்டவில்லை. இத்தனை பேர் ஓதியது என்னை மூழ்கடிக்கத்தானா என்று அவனிடமே சண்டை பிடித்தேன். அதன் பிறகு பதினைந்து நாள் நான் தொழவில்லை.

சகோதரி கேள்விப்பட்டு வந்தார்.

"ஓதின தண்ணியால யாருக்கும் நோய் வருத்தம் வந்ததில்ல தம்பி. ஒனக்கு ஈமான் (இறைநம்பிக்கை) பத்தாது."

"அப்ப நீங்க போய் மெஷின்ல படுங்க."

மனைவி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சகோதரி முறைத்தார். பிறகு கொண்டுவந்த போத்தலைப் பையிலேயே வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தலையக் காட்டு. தலையில ஓதி ஊதுறேன். காத்துக்கு ஒன்ட டொக்டர் அளவு சொல்லல்லதானே?"

"சொல்லல்ல. ஊதுங்க."

ஊதினார். அவர் மூச்சில் ஏலக்காய் வாசம் அடித்தது. எனக்குள் ஒன்றும் குணமாகவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நாளும் நான் யாரோடு கோபமாக இருந்தேன் என்று யோசித்தேன். இல்லாத ஒருவனோடு பதினைந்து நாள் சண்டை பிடிக்க முடியாது. அன்று அஸர் (பிற்பகல் தொழுகை) தொழுதேன். கோபம் போய்விடவில்லை. கோபத்தோடுதான் தொழுதேன்.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்கு: யார் ஓதிக் கொடுத்தாலும் அளந்து குடியுங்கள். துஆவுக்கு (இறைவனிடம் வேண்டுவதற்கு) அளவு இல்லை, தண்ணீருக்கு இருக்கிறது.

இப்போது என் வாரத்தில் ஏழு நாள் இல்லை. மெஷின் நாள், உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்கும் மறுநாள், தாகம் ஏறும் நாள். இவ்வளவுதான். நான் கேட்டது இன்னும் வரவில்லை. இன்னும் கேட்கிறேன்.

வுளூச் (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) செய்யும்போது மூன்று தடவை வாய் கொப்பளிக்க வேண்டும். தாகம் ஏறும் நாளில், தண்ணீர் நாக்கில் பட்டதும் தொண்டை தானாகவே அசைகிறது. விழுங்கினால் மனைவிக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. மூன்று தடவையும் துப்பிவிட்டுத் தொழப் போகிறேன்.