இஸ்ரேல் அணைத்துவைத்த காவல்

இஸ்ரேலுக்கு நாற்பத்தெட்டு வயது. பங்காருபாளையம் ரோட்டில் இருக்கும் மாம்பழக்கூழ் கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். சித்தூரில் அவன் பேரைச் சொன்னால் சபையாருக்கு முதலில் ஞாபகம் வருவது அவன் குரல்தான். பதினேழு வருஷமாகப் பாடகர் குழுவுக்கு அவன்தான் தலைவன். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று போதகரே ஒருமுறை ஆராதனையில் சொல்லியிருக்கிறார். போன ஆகஸ்ட் வரைக்கும் அது உண்மையாகவும் இருந்தது.

அவன் மனைவி லோயிஸ், தமிழ் மீடியம் ஹைஸ்கூலில் தமிழ் டீச்சர். புத்தகம் கைக்கு வரும்வரை காத்திருக்கிற ரகம் இல்லை அவள். பாடக் குறிப்பு, இலக்கணப் பயிற்சி, மாதிரி வினாத்தாள் எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் தானே டைப் செய்து வைத்துக்கொள்வாள். ஒன்பது வருஷத்து உழைப்பு அது. நகரியிலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும்கூட டீச்சர்கள் போன் செய்து கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூட ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, இரண்டு நாள் யாருக்கும் டி.சி. கொடுக்க முடியவில்லை. அன்றே லோயிஸுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"நல்லதா ஒரு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டுடேன்," என்றான் இஸ்ரேல்.

"ஓசியிலயே நல்லது இருக்குதாம். ஆனா ஓசியா குடுக்கிறவன் எதுக்குக் குடுக்கிறான்னு தெரிஞ்சிக்கினு போடணும்."

மூன்று வாரம் விசாரித்தாள். ஒரு பழைய நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் 'என்னை வாங்கு' என்று குறுக்கே வந்து நின்றது. இன்னொன்று வந்ததும் பழைய கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்றது. மூன்றாவது சத்தம் போடாமல் திரையின் மூலையில் உட்கார்ந்து, தினமும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதையும் விளம்பரத்தைத் தட்டி இறக்காமல், அதைச் செய்த கம்பெனியின் சொந்தப் பக்கத்துக்கே போய் இறக்கினாள். ஸ்டாஃப் ரூமில் சொன்னாள். வடமாலபேட்டையிலிருந்து வருகிற பிரமிளா டீச்சரும் இன்னும் நாலு பேரும் அவளை நம்பி அதையே போட்டுக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் அறுப்பின் பண்டிகை நெருங்கியது. கீபோர்டு வாசிக்கிற ஜீவரத்தினம் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பாட்டிலிருந்து குரலை மட்டும் எடுத்துவிட்டு இசையைத் தனியாகப் பிரித்துத் தருகிற சாஃப்ட்வேர் ஒன்று இருப்பதாக இஸ்ரேல் கேள்விப்பட்டான். விலை அதிகம். அதையே பூட்டை உடைத்து, கிராக் பண்ணிச் சும்மா தருகிற ஓர் இடமும் நெட்டில் இருந்தது.

அன்று சனிக்கிழமை. லோயிஸ் பயிற்சி வகுப்புக்காகக் குடிபாலா போயிருந்தாள். அவன் இறக்கப் போனதும் மூலையில் இருந்த காவல்காரன் சிவப்பாகக் கத்தினான். இறக்கித் தருகிற பக்கத்திலேயே எழுதியிருந்தது: முதலில் உங்கள் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும். இஸ்ரேல் யோசிக்கவில்லை. அணைத்தான். பாட்டு அருமையாகப் பிரிந்து வந்தது. மேஜை டிராயரில் லோயிஸின் பென் டிரைவ் கிடந்தது. அதில் ஏற்றிக்கொண்டான். இரண்டாவது பாட்டுக்கும் வேண்டுமே என்று காவலை அணைத்தபடியே விட்டான்.

ஞாயிறு காலை அந்த இசையோடு பாடினார்கள்; சபையே கைதட்டியது. மத்தியானம் வீட்டுக்கு வந்து, அதே பென் டிரைவைச் செருகி இரண்டாவது பாட்டையும் ஏற்றினான். சாயந்தரம் ஞாபகம் வந்து காவலைப் போட்டுவிட்டான். பென் டிரைவை மட்டும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை லோயிஸ் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஒரு பாடமும் திறக்கவில்லை. ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து ஒட்டியிருந்தது. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்கப் பணம் கட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் நடுவில் நின்றது. எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்துவைத்திருந்த பென் டிரைவிலும் அதே கதி.

"நான்தாங்க," என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஓசி ஓசின்னு அலைஞ்சேன். பென் டிரைவையும் நானே புடுங்காம விட்டிருக்கேன் பாருங்க."

இஸ்ரேல் வாயைத் திறந்தான். "அழாத லோயிசு," என்றுதான் வந்தது.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அது தாண்டிப்போனதும் அடுத்த நேரம் அதைவிடக் கஷ்டமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை லோயிஸ் ஹெட்மிஸ்ட்ரஸ் கன்னிகா மேடத்திடம் போய், காலாண்டுத் தேர்வு வினாத்தாள் போய்விட்டது, தப்பு என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டாள். புதன்கிழமை பிரமிளாவுக்கு போன் போட்டு, "அந்தச் சனியனை எடுத்துடுங்க, என் பேச்சை நம்பாதீங்க," என்றாள். பக்கத்து அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த இஸ்ரேலின் கை பட்டனிலேயே நின்றது. ராத்திரி பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டான். "இன்னாங்க, சரியாவே துன்ன மாட்டேன்றீங்க?" என்று அவள்தான் கவலைப்பட்டாள். அவனுக்கு வேறு எந்தத் தண்டனையும் அதைவிட வலித்திருக்காது.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் திருப்பதிக்கு எடுத்துப்போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேங்கடாசலம் என்பவர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரு மணி நேரம் துழாவினார்.

"பூட்டினத இப்போதைக்கு யாராலயும் திறக்க முடியாதும்மா. பணம் மட்டும் கட்டிடாதீங்க, போலீஸ்ல எழுதிக் குடுங்க," என்றவர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "நீங்க போட்டது நல்ல சாஃப்ட்வேர்தான். தப்பு அதுமேல இல்ல. போன சனிக்கிழமை நாலு மணிக்கு இத நிறுத்தியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குத்தான் மறுபடி போட்டிருக்கு. எவரு சேசினாரு? யார் இத நிறுத்தினது?"

லோயிஸ் நெற்றியைச் சுருக்கினாள். "நானே தெரியாம எதையாவது தட்டியிருப்பேன்." பிறகு மெதுவாக, "சனிக்கிழமை நான் குடிபாலாவுலதானே இருந்தேன்?" என்றாள்.

"நான்தான்," என்றான் இஸ்ரேல்.

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே பாட்டையும் கிராக்கையும் சொன்னான். வேங்கடாசலம் எழுந்து டீ சொல்ல வெளியே போய்விட்டார். லோயிஸ் துணியை எடுத்துக் கம்ப்யூட்டரை மறுபடி சுற்றினாள்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள். காணிப்பாக்கம் ரோடு பிரிகிற இடம் வந்தபோது இஸ்ரேல் மிச்சத்தையும் சொன்னான். "பென் டிரைவும் நான்தான் செருகினேன் லோயிசு. நீ இல்ல."

அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"பாடம் போனதுகூடப் போவட்டுங்க. ஆறு நாளா நான் என்னைத் திட்டிக்கினு இருந்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருந்தீங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மேடம் கிட்ட நான் போய் நின்னேன். இப்ப நீங்க போய் நில்லுங்க. பிரமிளா கிட்டயும் நீங்களே சொல்லுங்க. அவ பாவம், எடுத்துட்டு ஒண்ணும் இல்லாம இருக்கா."

திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு இஸ்ரேல் பள்ளிக்கூடத்துக்குப் போனான். கன்னிகா மேடம் முழுவதையும் கேட்டுவிட்டு, "டீச்சர் உங்களை ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே," என்றார். அப்போது அவளுக்கே தெரியாது மேடம் என்று சொல்லும்போது அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. பிரமிளா டீச்சரிடம் அந்த சாஃப்ட்வேரை மறுபடி போடச் சொன்னான். அடுத்த ஞாயிறு பாடகர் குழுவிடமும் நடந்ததைச் சொல்லி, அந்த இரண்டு பாட்டையும் அழித்தான். பண்டிகையில் இசை இல்லாமல் வெறும் குரலாகவே பாடினார்கள். சுமாராகத்தான் இருந்தது.

பழைய மாணவர்களிடமும் மற்ற டீச்சர்களிடமும் காகிதமாகக் கிடந்த பாடங்களைக் கேட்டு வாங்கி வந்தான். தமிழ்த் தட்டச்சு பழகினான். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒவ்வொரு சாயந்தரமும் இரண்டு விரலால் ஒரு பக்கம் அடிப்பான். லோயிஸ் பக்கத்தில் நின்று றகர ரகரப் பிழையைத் திருத்துவாள். வேலைப் பேச்சு மட்டும்தான் பேசுவாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் அறுபது பாடம் ஆயிற்று. இன்னும் முந்நூறுக்கு மேல் இருக்கிறது. சிலது யாரிடமும் கிடைக்கவில்லை.

கம்ப்யூட்டரில் தனக்குத் தனியாக ஓர் அக்கவுண்ட் போட்டுக்கொடுக்கச் சொல்லி அவனே கேட்டான். எதையும் இறக்கவோ அணைக்கவோ முடியாதபடி இருக்க வேண்டும் என்றான். லோயிஸ் போட்டுக்கொடுத்தாள். தன்னுடைய பாஸ்வேர்டை அடிக்கும்போது, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க," என்றாள். அவன் திரும்பிக்கொண்டான்.