சட்டைப் பை எந்தப் பக்கம்?

1. ஸ்கேனர் வந்தது

வெள்ளவத்தையில் நான் வேலை செய்த ஸ்டூடியோவுக்கு ஸ்கேனர் வந்தபோது இனி எனக்கு வேலை இருக்குமா என்று யோசித்தேன். என் தொழில் முழுவதும் டார்க்ரூமுக்குள் நடந்தது. யுத்த காலம் அது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். முன்பெல்லாம் பிரிண்ட் வாங்கித் தபாலில் அனுப்பினார்கள்; இப்போது "ஈமெயிலில போட்டு விடுங்கோ" என்றார்கள்.

எங்கள் முதலாளி இந்தியாவிலிருந்து வந்து கொழும்பில் கடை வைத்த குடும்பத்தவர். பெட்டியைப் பிரித்துக்கொண்டே சிரித்தார்.

"மாஸ்டர், ஒங்க இருட்டறைக்கு விடிஞ்சிருச்சு!"

"கரண்ட் போனா ஊருக்கே இருட்டறைதான் முதலாளி."

"ஒங்க வாயில நல்லதே வராதாய்யா?"

வராது. எனக்கு எதைக் கண்டாலும் கவலை. கவலை வந்தால் எதையாவது எண்ணுவேன். குரூப் போட்டோ என்றால் தலைகளை எண்ணி, பிறகு கைகளையும் எண்ணுவேன்.

2. ஒரு கை கூட

கிருலப்பனையில் வாடகை அறையில் இருந்த ஒரு பெண் எட்டுக்குப் பத்து பிரிண்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர். வீட்டோடு அல்பங்களும் போய்விட்டன. இந்தப் படம் கொட்டாஞ்சேனையில் நடந்த அவருடைய தங்கையின் கலியாணத்தில் எடுத்தது. தங்கையிடம் இருந்ததால் தப்பியது.

"அண்ணை, இதில ஒரு கையை மட்டும் பெரிசாக்கி கனடாவுக்கு அனுப்ப ஏலுமோ?"

"கையையோ?"

எண்ணிப் பார்த்தேன். ஏழு தலைகள். ஆனால் வலது ஓரத்தில் நின்ற பையனின் தோளில், யாருடையதும் அல்லாத ஒரு கை இருந்தது. அதில் கைக்கடிகாரம்.

"அது என்ர அவற்ற கை. இடக்கைக்காரன், மணிக்கூடு வலக்கையிலதான் கட்டுவார். மகன் வயித்தில இருக்கேக்க ஷெல் விழுந்து போயிட்டார். இப்ப மகன் ரொறன்ரோவில. அப்பா எப்படி இருப்பார் எண்டு கேக்கிறான். என்னட்ட ஒரு படமும் இல்லை. முகம் இல்லாட்டிக் கையெண்டாலும் பார்க்கட்டும்."

பிரிண்டை ஸ்கேன் செய்தேன். மேற்பரப்பு சொரசொரப்பான சில்க் பேப்பர். கையில் பிடித்தால் அழகு. ஸ்கேனரில் அந்தச் சொரசொரப்பு தேன்கூடு மாதிரி எழும்பி, கையே தெரியவில்லை.

பின்பக்கத்தைத் திருப்பினேன். எங்கள் கடை முத்திரை இருந்தது, நெகட்டிவ் நம்பரோடு.

இங்கே ஒரு தொழில் விஷயம். பிலிம் நீளமானது, எட்டுக்குப் பத்துக் கடதாசி குட்டையானது. முழுப் படத்தையும் போட்டால் மேலும் கீழும் வெள்ளை விழும். முதலாளிக்கு அது ஆகாது. "வெள்ளை விட்டா பேப்பர்ல மிச்சம் புடிச்சான்னு கஸ்டமர் நெனைப்பான். நெரப்புய்யா!" என்பார். நிரப்பினால் ஓரம் வெட்டுப்படும். கொழும்பில் பல கடைகளில் அதுதான் வழக்கம்.

அப்படியானால் வெட்டுப்பட்ட ஓரம் பிலிமில் இருக்க வேண்டும். அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்குப் பயம். பூஞ்சணம் பிடித்திருந்தால்? "நெகட்டிவைத் தேடிப் பார்க்கிறன் தங்கச்சி. நாளைக்கு வாங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

3. வந்த ஆள்

நெகட்டிவ் பழைய டின்னுக்குள் சுத்தமாக இருந்தது. மறுநாள் அவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஸ்கேனரில் வைத்தேன். குரூப்பின் ஓரத்தில் எட்டாவது ஆள் நிற்பதைக் கண்டதும் எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. அந்த மூலையை மட்டும் பெரிதாக்கினேன். திரையில் படம் கோடு கோடாக இறங்கியது. தலைமயிர், நெற்றி, கண்கள். இத்தனை வருடம் டின்னுக்குள் கிடந்த மனிதர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பெண் அழவில்லை. முகம் வெளிறிப்போனது.

"அண்ணை... அவரை மாதிரி இருக்கு. ஆனா இது அவரில்லை."

"வடிவாப் பாருங்கோ தங்கச்சி."

"பாத்திட்டன். நான் அவற்ற முகத்தை மறந்திட்டனோ?"

அந்தக் கேள்வி என்னைக் கலக்கிவிட்டது. என் வழக்கப்படி எண்ணத் தொடங்கினேன். சட்டைப் பொத்தான் ஐந்து. பை ஒன்று. பை வலது நெஞ்சில் இருந்தது. எந்தத் தையற்காரன் வலப்பக்கம் பை வைப்பான்? மணிக்கூட்டைப் பார்த்தேன். இடது கையில்.

பிலிமுக்கு ஒரு பக்கம் மினுக்கம், மறுபக்கம் மங்கல். படம் பெரிதாக்கும் என்லார்ஜரில் மங்கல் பக்கத்தைக் கீழே வைக்க வேண்டும். எங்கள் ஸ்கேனருக்கு அது மேலே இருக்க வேண்டும். டார்க்ரூமில் பழகிய என் கை தன் பாட்டில் கீழே வைத்துவிட்டது. படம் இடம் வலம் மாறிவிட்டது.

"நீங்கள் மறக்கேல்லை. நான்தான் ஆளைத் திருப்பி வச்சிட்டன்."

பிலிமைப் புரட்டி வைத்தேன். மறுபடியும் கோடு கோடாக இறங்கியது. வகிடு மறுபக்கம் போனது. சிரிப்பில் ஏறியிருந்த உதட்டோரம் மறுபக்கம் போனது. அந்தப் பெண் கதிரையை விட்டு எழும்பிவிட்டார், வீட்டுக்குள் யாரோ வந்ததுபோல.

"ஓம். இப்ப வந்திட்டார்."

முதலாளி எட்டிப் பார்த்தார். பிறகு, "மாஸ்டர், அம்மாவுக்கு இதுல ஒரு பிரிண்டும் போடுங்க. முழுசா. வெள்ளை விழுந்தா விழட்டும்" என்றார்.

கனடாவிலிருந்து பதில் எங்கள் கடை ஈமெயிலுக்கே வந்தது. எழுத்து ஒன்றுமில்லை, ஒரு படம் மட்டும். பனியில் ஒரு பையன், நண்பனின் தோளில் கை போட்டு நிற்கிறான். நான் முதலில் சட்டைப் பையைப் பார்த்தேன். இடது நெஞ்சில், சரியாக இருந்தது. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தேன். வலது கையில்.

"அப்பா வலக்கையில கட்டுவார் எண்டு மகனுக்குச் சொன்னனீங்களோ?" என்று, படம் பார்க்க வந்த தாயிடம் கேட்டேன்.

"இல்லை அண்ணை. அவன் சின்னனில இருந்தே அப்படித்தான்."

ஸ்கேன் செய்யப்போகும் பிள்ளைகளே, பிரிண்டை விட நெகட்டிவ் நல்லது. அதில் ஓரமும் இருக்கும். மங்கல் பக்கம் எது என்று பாருங்கள். சட்டைப் பையைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தாலும், அந்த முகத்தோடு வாழ்ந்தவர் "ஓம்" என்று சொல்லும்வரை அனுப்பாதீர்கள்.